குறிப்பு 7.4

ஜூன் மாதம், லேடிஸ்மித்.
க்ளிப் ஆற்றின் மேல் மூடுபனி இன்னும் எழுந்திருக்கவில்லை.
நாடாளுமன்றப் பாதுகாப்புக் குழுவில் பதினொரு பேர்,
இருவர் பேருந்திலேயே தூங்கிப்போனார்கள்.
பன்னிரண்டாவது ஆள் நான்.
பேசுவதற்கல்ல, பேசியதை எழுதுவதற்கு.

முகாம் முழுக்கப் பெயின்ட் வாசனை.
நாங்கள் நடக்கப்போகும் வழிக்கு மட்டும்
நேற்றிரவு வெள்ளை அடித்திருக்கிறார்கள்.
வழி திரும்பும் மூலையில்
வெள்ளையும் நின்றுவிட்டது,
ஏணி எட்டாமல் அல்ல,
உத்தரவு அவ்வளவுதான்.

கர்னல் திரையில் படம் காட்டினார்.
"படையினரின் மனவுறுதி: திருப்திகரம்."
சமோசா வந்தது.
உறுப்பினர் ஒருவர் தட்டைப் பார்த்தபடியே கேட்டார்,
ஏதாவது குறை உண்டா?
வரிசையில் நின்ற நாற்பது பேரும்
எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு
"இல்லை, ஐயா."

நாற்பது அல்ல, முப்பத்தொன்பது.
லான்ஸ் கார்ப்ரல் நொக்வாண்டா சித்தோலே
வாயைத் திறக்கவில்லை.
கோமாவிலிருந்து திரும்பி ஏழு மாதம்.
கழிப்பறை எங்கே என்று நான் கேட்டதும்
அந்த மூலையைத் தாண்டி அழைத்துப் போனாள்.
திரும்பும்போது என் முழங்கை சுவரை உரசியது.

பெண்கள் விடுதி.
கொதிகலன் செத்து இரண்டு குளிர்காலம்.
பதினாறு பேருக்கு ஒரு கெட்டில்,
வாளிக்கு முறை வைத்திருக்கிறார்கள்.
கூரையில் பூஞ்சை
கிளை கிளையாகப் பிரிந்து ஓடுகிறது.
"அதற்குக் காங்கோ ஆறு என்று பெயர்" என்றாள்,
"இரவில் படுத்தபடியே பார்க்கலாம்."

இடது பூட்ஸ் ஆறாம் அளவு, வலது ஏழு.
கிடங்குக்கு வந்தது அப்படித்தான்.
வெளிநாட்டுப் பணிப்படி பரிசீலனையில்.
அவளோடு போய்ப் பெட்டியில் திரும்பிய டெபோஹோவின்
மனைவிக்கு மட்டும் பதில் உடனுக்குடன் வருகிறது:
படிவத்தில் கணவரின் கையொப்பம் இல்லை.
மூன்று முறை.

குறைகேள் ஆணையருக்கு எழுதலாமே, என்றேன்.
எழுதியாயிற்று.
முறைப்படி மேலதிகாரி வழியாக.
அவள் மோவாய் கர்னலின் அறைப் பக்கம் அசைந்தது.

பேருந்தில் தலைவரிடம் எல்லாம் சொன்னேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்,
நல்ல மனிதர், உண்மையாகவே கேட்டார்.
பிறகு, "ஒரு வரி போட்டுவிடுங்கள்."

போட்டேன்.
7.4: வெந்நீர் தொடர்பான கவலைகள் குறிக்கப்பட்டன.
ஆங்கிலத்தில்.

இரவு, கேப்டவுனில், ரைலாண்ட்ஸ் வீட்டு அடுப்படியில்
அதைத் தமிழில் போட்டுப் பார்த்தது என் தப்பு.
ஆங்கிலத்தில் செய்தவர் சத்தமில்லாமல் நழுவிவிடலாம்,
கதவு கூடக் கிறீச்சிடாது.
தமிழிலும் நழுவலாம், யார் தடுத்தார்கள்,
ஆனால் போகும்போது ஒரு 'படு'வை
விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.
அவமானப்படு, அல்லல்படு, பாடுபடு.
குறிக்கப்பட்டது என்றால்
குறித்தவர் வீட்டுக்குப் போய்விட்டார், சரி,
பட்டவள் வினைக்குள்ளேயே நிற்கிறாள்
வாளியைப் பிடித்துக்கொண்டு,
இடது காலில் ஆறு, வலது காலில் ஏழு.

அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு திருத்தம் வந்தது.
'கழிப்பறை' என்பதைச்
'சுகாதார வசதி' என்று மாற்றுக.
முன்மொழிந்தார்கள், வழிமொழிந்தார்கள்.
7.4 அடுத்த காலாண்டுக்கு.

என் கறுப்பு ஜாக்கெட்டில் அந்த வெள்ளை
டர்பென்டைனுக்கும் போகவில்லை.
இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த தம்பி
முழங்கையை விளக்கில் பிடித்துக் கேட்டான்,
"இது எங்கே பட்டது?"

திரும்பும் மூலையில், என்றேன்.
அதற்கப்பால் பெயின்ட் இல்லை.