ஆரஞ்சு பாட்டில்

சனிக்கிழமைச் சந்தையில்
நீலப் பீப்பாயிலிருந்து குழாய் வைத்து
லிட்டர் கணக்கில் பிளீச் பிடித்துத் தருவார்கள்.
பாட்டில் நாம் கொண்டுபோக வேண்டும்.
நான் கொண்டுபோனது
ஆரஞ்சு சோடா குடித்துமுடித்த பாட்டில்.
பாதிப் பழமும் இரண்டு இலையும்
பளபளவென்று ஒட்டியிருந்தன அதில்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
பிறகென்றால் சொல்லாமல் விட்டுவிடுவேன்.

மைத்தேனாவுக்கு இருபத்திரண்டு மாதம்.
மொன்டேவீடியோவின் ஜூலைக் குளிர்,
கதவிடுக்கில் ஆற்றுக்காற்று விசிலடிக்கும் இரவு.
இவோனுக்கு மருந்துக்கடையில் இரவுப்பணி.
மாத்தே இலைக்குச் சுடுநீர் ஊற்றத் திரும்பினேன்,
அவ்வளவுதான்,
ஒரு குடுவை நிறையும் நேரம்.

இருமல்தான் முதலில் கேட்டது.
பிறகு வாடை.
நகராட்சி நீச்சல்குளத்தின் வாடை
என் மகள் வாயிலிருந்து.

கை தானாக எழுந்தது
அவள் தொண்டைக்குள் விரலை விட.
மாடிவீட்டு வால்டெமார் ஓடிவந்தார்
உப்புக் கரைத்த தண்ணீரோடு.
அவர் மனைவி எலுமிச்சை, எலுமிச்சை என்றாள்.
ஆளுக்கொரு வைத்தியம்,
நடுவில் வீறிடும் பிள்ளை.

ஃபிரிட்ஜ் கதவில், கேஸ் ரசீதுக்கு அடியில்
காந்தம் பிடித்துக்கொண்டிருந்தது அந்த எண்ணை.
பிள்ளை பிறந்த வாரம் இவோன் வைத்தது.
நான் சிரித்தது.

நச்சு மையத்துப் பெண்ணின் குரல்
வேறு யாருக்கோ இப்போதுதான்
பதில் சொல்லிமுடித்த குரல்.
விரலை எடுங்கள் என்றாள்.
விரலைப் பற்றி நான் சொல்லவே இல்லை.

இறங்கும்போது சுட்டது
ஏறும்போதும் சுடும்.
உப்பு வேண்டாம், எலுமிச்சை வேண்டாம்.
ஈரத்துணியால் வாயைத் துடையுங்கள்,
நனைந்த சட்டையைக் கழற்றுங்கள்.
விழுங்க முடிகிறதா?
அப்படியானால் தண்ணீர் ஒரு மிடறு,
இன்னொரு மிடறு, போதும்.
எச்சில் ஒழுகுகிறதா?
குரல் கம்மியிருக்கிறதா?
மூச்சு திணறினாலோ கண் செருகினாலோ
என்னோடு பேசிக்கொண்டிருக்காதீர்கள்,
ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

இல்லை, என்றேன். அழுகிறாள்.
அழட்டும், என்றாள்.
அந்தச் சொல்லைப்போல் இனிப்பான ஒன்றை
அதுவரை நான் கேட்டதில்லை.

எவ்வளவு குடித்தாள்?

பாட்டிலை விளக்கடியில் பிடித்தேன்.
இலைக்குக் கீழே நின்றது நீர்.
காலையில் எங்கே நின்றது?
குளியலறை கழுவியது நான்தானா?
பதினான்கு வருடம்
பேருந்து டிப்போவில் டீசல் அளக்கிறவன்,
ஒரு சொட்டு பிசகியதில்லை கணக்கு.
தெரியவில்லை, என்றேன்.

லேபிளில் என்ன எழுதியிருக்கிறது?

ஆரஞ்சு, என்றேன்.
வாய் நிற்கவில்லை.
பத்து சதவீதம் பழச்சாறு, என்றேன்.

அவள் திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.
உதிரியாக வாங்கியதா, சரி,
வீரியம் எவ்வளவென்று தெரியாது.
பிள்ளையைக் கூட்டிவாருங்கள்,
பாட்டிலும் வரட்டும்.

வால்டெமாரின் வேனில்
மடியில் மகள், பாதங்களுக்கு இடையில் பாட்டில்.
ஒவ்வொரு திருப்பத்திலும்
இரண்டையும் இறுக்கினேன்.

டாக்டர் டார்ச் அடித்து ஆ சொல் என்றார்.
சொன்னாள். நிறுத்தவே இல்லை.
கட்டில் கட்டிலாகக் காட்டி ஆ சொன்னாள்.
தொண்டையில் கொஞ்சம் சிவப்பு,
விடியும்வரை இருக்கட்டும் என்றார்கள்.

இவோன் கடையின் வெள்ளைக் கோட்டோடே வந்தாள்.
மகளை முகர்ந்தாள், உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை.
என்னைப் பார்க்கவில்லை.
மேசைமேல் இருந்த பாட்டிலைப் பார்த்தாள்.
நாள் முழுக்க மாத்திரைகளுக்கு
லேபிள் ஒட்டுகிறவள்.

அடுத்த சனிக்கிழமையும் சந்தைக்குப் போனேன்.
வாங்க அல்ல, ஏனென்று தெரியாமல்.
பீப்பாய் முன்னால் ஒரு இளைஞன்,
கையில் திராட்சை சோடா பாட்டில்.
பேசத் தெரியாதவன்போல்
அவன் தோளைத் தொட்டு,
வீட்டில் சின்னப்பிள்ளை உண்டா என்று கேட்டேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தான்.
குழாய்க்காரர் கேட்டார்:
எத்தனை லிட்டர்?