வகுப்பு கடலுக்குப் போவதில்லை

டைக் வீதியில் மாடி அறை.
சன்னலைத் திறந்தால் டச்சுக் குடா,
மூடினால் மின்விசிறியின் முனகல்.

கிளாஸ் என்று தொடங்கி
அருகில் படகு என்று தமிழில் அடித்தேன்.
ரூபி ஏற்கவில்லை.
வகுப்பின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டுமாம்.
எங்கள் எழுத்தில் ஏது பெரிதும் சிறிதும்?
ஆய்த எழுத்துக்குக்கூட
யாரும் தனி நாற்காலி போட்டதில்லை.
கடைசியில் ஆங்கிலப் பீ ஒன்றைத்
தொப்பிபோல் மாட்டி வகுப்பாக்கினேன்.
தமிழில் மிஞ்சியது ஒற்றைப் படகு மட்டும்;
மாறியின் பெயராக
அதை ரூபி மறுபேச்சின்றி ஏற்றது.

திருக்கடலூர்ச் சங்கத்துக்கான பதிவேடு.
இருநூற்றுப் பதினான்கு வள்ளங்கள்.
செயலாளர் யோகராணியக்கா
பிளேன்டீயோடு வந்து திரையை எட்டிப் பார்ப்பார்.
‘ஒரே விஷயத்தை ஏன் ரெண்டு விதமா எழுதுறீர்?’

ரெண்டும் ஒன்றில்லை அக்கா.
மொத்தம் எத்தனை என்பது வகுப்பைக் கேட்பது.
எண்ணெய் எவ்வளவு கிடக்கு என்பது
ஒரு வள்ளத்தைக் கேட்பது.
மொத்தக் கணக்கை வள்ளத்திடம் கேட்டால்
திருதிருவென்று விழிக்கும்.
எண்ணெய்க் கணக்கை வகுப்பிடம் கேட்டால்
அதற்குத் தாங்கியே கிடையாது.

அப்புறம் செல்ஃப் என்றொரு சொல்.
நான் அதைத் ‘தான்’ என்று வாசிப்பேன்.
மெத்தட்டின் பெயருக்கு முன்னால் நின்றால்
தான் என்பது வகுப்பு.
சாதாரண மெத்தட்டின் வயிற்றுக்குள் இருந்தால்
தான் என்பது கூப்பிடப்பட்ட அந்த ஒரு வள்ளம்,
அணியத்தில் பெயின்ற் உரிந்தது.

‘சொல் ஒண்டு, ஆள் ரெண்டு.
எங்கட தலைவர் கூட்டத்தில
நாங்கள் நாங்கள் எண்டு சொல்லுற மாதிரி’
என்றார் அக்கா.

கீழே ஒரு மான்
மதிலில் ஒட்டிய தேர்தல் சுவரொட்டியை
ஓரத்திலிருந்து தின்றுகொண்டிருந்தது.
மான்கள் புல் தின்னும் என்பது வகுப்புக்குத் தெரிந்தது.
இந்த மானுக்குப் பசை பிடிக்கும்.

கார்த்திகைக் கடைசி. காற்று திரும்பிவிட்டது.
இரவு ஒன்பதுக்கு வகுப்பைக் கேட்டேன்.
போனவை அறுபத்திரண்டு.
வந்தவை அறுபத்தொன்று.
கண்ணிமைக்குமுன் பதில்; பதற்றமே இல்லை அதற்கு.

பிலோமினா படியேறி வந்தாள்.
‘எங்க நிக்குது எண்டு பாருங்கோ.’

அவசரத்தில் பீயோடு ஒரு புள்ளி வைத்து
எங்கே என்று அடித்தேன்.
சிவப்பு எழுத்தில் வந்தது:
இந்த வகுப்புக்கு அப்படியொரு மெத்தட் இல்லை.
எப்படி இருக்கும்?
வகுப்பு ஒருநாளும் கடலுக்குப் போனதில்லை.
நனைந்ததில்லை. அதற்கு எஞ்சின் பழுதாகாது.

‘சிவப்பெண்டால் என்ன தம்பி?’

‘பிழையான ஆளைக் கேட்டுட்டன் அக்கா.’

பதிவெண்ணைத் தேடி
சவரிமுத்துவின் வள்ளத்தை எடுத்தேன்.
இப்போது சரியான ஆள். அதே கேள்வி.
கடைசியாய்ச் சொன்ன இடம்
பதியப்படாமலே கிடந்தது.
ஒன்றுமில்லை என்பதற்கு ரூபியிடம் ஒரு சொல் உண்டு.
தமிழில் வாசித்தால்
நில்.

எனக்குத் தெரியாமலே வாய்விட்டு வாசித்திருக்கிறேன்.
பிலோமினா நின்றாள்.
யோகராணியக்கா நாற்காலியைத் தள்ளிய பிறகும் நின்றாள்.
சன்னல் திறந்திருந்தது.
குடாவில் கோட்டைப் பக்கத்து விளக்கு மட்டும்.

ஐந்தே முக்காலுக்குக் கயிற்றில் கட்டி
நிலாவெளிக்காரர் இழுத்து வந்தார்கள்.
விசிறி உடைந்து இரவு முழுக்க மிதந்ததாம்.
அந்த ஒரு வள்ளத்தில் மட்டும்
வந்தது என்று குறித்தேன்.
வகுப்பை நான் தொடவேயில்லை,
கேட்டபோது அறுபத்திரண்டு என்றது.
பிலோமினா அந்த எண்ணைப் பார்க்கவில்லை.
அவளுக்கு ஒன்று போதும்.

சவரிமுத்து கிறீஸ் கையைச் சாரத்தில் துடைத்தபடி
படியில் நின்று முதலில் கேட்டது:
‘மற்ற ஆக்கள் எல்லாம் வந்திட்டினமா?’

வள்ளத்திடம் கேட்கக்கூடாத கேள்வி,
வள்ளத்திலிருந்தே வருகிறது.

ரூபியில் அதற்கும் வழி உண்டு;
ஒன்று திரும்பித் தன் வகுப்பைக் கேட்கலாம்.
யோகராணியக்காவுக்கு
இன்னும் அதைச் சொல்லவில்லை.