எந்த ஊர் நேரம்

பிரசீலியாவில் மணி ஒன்று என்றால்
ஜுருவா ஆற்றங்கரையில் எங்களுக்குப் பதினொன்று.
நாடு முழுக்க ஒரே நொடியில் கதவைச் சாத்த வேண்டும்.
ஒருவருக்கு ஒரு நொடி கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை.
சமத்துவம் என்று சுற்றறிக்கையில் போட்டிருந்தார்கள்.
பூட்டும் சாவியும் என் கையில்.

மற்ற நாட்களில் இதே பள்ளியில் சமையல்காரி நான்.
தேர்வு ஞாயிறுகளில் மட்டும் மஞ்சள் மேல்சட்டை,
கழுத்தில் அட்டை:
வாயிற் கண்காணிப்பாளர் லிண்டால்வா.
ஒரு நாள் கூலி, ஒரு பொட்டலம் பிஸ்கட்.

பத்து ஐம்பத்தைந்துக்கு எய்டோர் வந்தான்.
டாக்டர் மகன். அடுத்த தெரு.
ரப்பர் செருப்பைத் தேய்த்தபடி நடந்தே வந்தான்.
மூன்றாம் முறை எழுதுகிறான்.
கண்ணைச் சுற்றிக் கருவளையம்.
அவனும் தூங்கவில்லை, பாவம்,
அதையும் சொல்லத்தான் வேண்டும்.
தோற்றால் நான்காம் முறை எழுதுவான்.
அவ்வளவுதான் அவனுக்குத் தோல்வி.

பதினொன்று.
சங்கிலியைச் சுற்றினேன்.

தெற்கே பெரிய நகரங்களில் இந்த நேரம்
நாற்காலி போட்டு, பீரோடு உட்கார்ந்திருப்பார்களாம்,
ஓடி வந்து கம்பியில் மோதுகிறவர்களை வேடிக்கை பார்க்க.
போன வருடம் டிவியில் ஒருத்தி
முட்டிபோட்டு அழுதாள்.
கொஞ்சம் சீக்கிரம் கிளம்பியிருக்கலாமே என்றேன்,
பீன்ஸில் கல் பொறுக்கிக்கொண்டே.

பதினொன்று இரண்டுக்கு ஜுசினேயா வந்தாள்.
ஓடி வரவில்லை.
முழங்கால்வரை சேறு, காய்ந்து வெடித்திருந்தது.
வியாழக்கிழமை கிளம்பினாளாம்.
வியாழக்கிழமையைவிடச் சீக்கிரம் எது?
ஆற்றில் இந்த ஆண்டு தண்ணீர் இல்லை.
மணல்திட்டு தட்டும்போதெல்லாம் இறங்கி
அவளும் அவள் மாமாவும் படகைத் தள்ளியிருக்கிறார்கள்,
பதினேழு இடத்தில்.
எண்ணி வைத்திருக்கிறாள்.

அவள் ஊரில் எட்டாம் வகுப்புக்கு மேல் ஆசிரியர் இல்லை,
திரை உண்டு.
எங்கோ இருந்து ஒருவர் அதில் பேசுவார்,
ஜெனரேட்டரில் டீசல் தீரும்வரை.
வேதியியல் எப்போதும் பாதியில் அணைந்துவிடும்.
மீதியை அவளே யூகித்துக்கொண்டாள்.

"அங்கே மணி என்ன?" என்றாள்.
எங்கே?
"பிரசீலியாவில்."
ஒன்று இரண்டு என்றேன்.
தலையாட்டினாள்,
அந்த ஊரிலும் தான் பிந்திவிட்டதை
உறுதி செய்துகொள்கிறவள்போல.

சாவி என் கையைச் சுட்டது என்று எழுதினால் பொய்.
சாவி சாவியாகத்தான் இருந்தது.
திறந்திருந்தால் என் வேலை போகும், அவள் தாளும் செல்லாது.
யாரிடம் கேட்டாலும் நான் செய்தது சரி என்பார்கள்.
நானும் சரி என்றுதான் சொல்கிறேன்,
கேட்காதவர்களிடமும்.

அவள் கையில் பேனா இருந்தது.
கண்ணாடிபோல் தெளிந்த குழல், கருப்பு மை.
அதுவும் விதி:
உள்ளே இருப்பது வெளியே தெரிய வேண்டும்.
தெரிந்தது. புது மை, நுனிமுதல் தலைவரை,
ஒரு நூலளவும் இறங்காமல்.

எதிர்ச் சாரியில் மாமர நிழலில் போய் உட்கார்ந்தாள்.
போ என்று யாரும் சொல்லவில்லை,
இரு என்றும்.

ஒன்றரைக்குமேல் முதல் ஆளாக எய்டோர் வெளியே வந்தான்.
இந்த முறையும் இல்லை என்று முகத்திலேயே எழுதியிருந்தது.
அவள் எழுந்து போய் ஏதோ கேட்டாள்.
கட்டுரைத் தலைப்பு என்று பிறகுதான் புரிந்தது,
அவன் சொல்லச் சொல்ல
உள்ளங்கையில் எழுதிக்கொண்டாளே, அப்போது.
எழுத்துப் பிழை பார்க்கிறவன்போல அவன் குனிந்தான்.
என்ன தலைப்போ.
கம்பிக்கு உள்ளேயிருந்து எனக்குப் படிக்க முடியவில்லை.

மாலையில் சாவியை ஒப்படைத்தேன்.
படிவத்தைத் தள்ளினார்கள்:
பெயர், கையெழுத்து, கதவு சாத்திய நேரம்.
பேனாவைப் பிடித்தபடி நின்றேன்.
எந்த ஊர் நேரம் போடட்டும், என்று கேட்டேன்.