குஞ்சப்பனையில் பதினான்கு நிமிடம்

கோத்தகிரி ஆஸ்பத்திரியின் பின்கட்டு,
ஆயுர்வேதப் பிரிவு: மூன்று நாற்காலி, ஒரு எடை மெஷின்.
டாக்டர் பிரசீதா என் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து
நெடுநேரம் கேட்டார்,
போனட்டில் காது வைத்த மெக்கானிக் போல.
பிறகு ஒரு தாள் தந்தார்.
ஆறு பருவம், ஆறு கட்டம்.

முதுவேனிலில் இனிப்பும் குளிர்ச்சியும் உண்,
மிளகாயைத் தள்ளு, நிலா பட உறங்கு.
கார்காலத்தில் பசித்தீ மங்கும்;
பழைய அரிசி, சுக்கு, காய்ச்சிய தண்ணீர்.
முன்பனியில் தீ பெரிது;
நெய் சேர், உளுந்து சேர்,
எண்ணெய் தேய்த்து வெயிலில் நில்.

இரண்டு தரம் படித்துவிட்டுக் கேட்டேன்:
"நான் எந்தக் கட்டத்தில் இருக்கிறேன் டாக்டர்?"

இது மே மாதம்.
ராத்திரி ஒரு மணிக்கு அரவேணுவில் கேரட் மூட்டை ஏற்றுகையில்
கம்பளித் தொப்பிக்குள் காது மரக்கிறது.
மூன்று மணிக்கு மேட்டுப்பாளையம் மண்டியில்
பனியன் முதுகோடு ஒட்டிக்கொள்கிறது.
காலி வண்டியோடு மதியம் ஏறினால்
பாதி மலையில் வைப்பர் போட வேண்டும்.
வருஷம் முழுக்க நடந்து வரவேண்டியவை
முப்பது கிலோமீட்டரில் முட்டி மோதி
என் வயிற்றில் இறங்குகின்றன.
மேலே, நெய் விட்ட ராகிக்களி, அவரைக் குழம்பு.
கீழே, ஐஸ் மிதக்கும் நன்னாரி சர்பத்.
நடுவில், மழைக்கென்று நாலு மிளகாய் பஜ்ஜி.
நெஞ்சு எரியாமல் என்ன செய்யும்?

டாக்டர் சிரித்துவிட்டார்.
"இதை எழுதினவங்க லாரி ஓட்டியிருக்க மாட்டாங்க."

அப்புறம் சொன்னார், சந்தி என்று ஒன்று உண்டாம்.
போகும் பருவத்தின் கடைசி ஏழு நாள்,
வரும் பருவத்தின் முதல் ஏழு நாள்.
பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும்,
புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட வேண்டும்.
நோய் குளிரில் இல்லை, வெயிலில் இல்லை,
தாவுவதில் இருக்கிறதாம்.

"பதினாலு நாளுக்கு நான் எங்கே போக?"
"பதினாலு நிமிஷம்?"

கொதிக்கும் ரேடியேட்டரில் பச்சைத் தண்ணீர் ஊற்றப் போனதற்குக்
கிளீனர் ஜோகியை
ஊர் கேட்கத் திட்டியவன் நான்.
பிளாக் வெடிச்சிடும்டா, ஆறட்டும்டா.
திட்டிய அதே வாயில்தான்
மண்டி வாசலில் ஐஸ் சர்பத்.

அன்று முதல் குஞ்சப்பனை செக்போஸ்ட் தாண்டி
ஓரமாக நிறுத்துகிறேன்.
என்ஜினை அணைத்ததும்
முதலில் சீவிடுகள் கேட்கின்றன,
பிறகுதான் மணக்கிறது பலாப்பழமும் யானை லத்தியும்.
தொப்பியைக் கழற்றுகிறேன்.
சற்றுப் பொறுத்து மப்ளரை.
ஸ்வெட்டரில் முதலில் ஒரு கை, பிறகு மறு கை.
பிளாஸ்கில் சுக்கு வெந்நீர், ஒவ்வொரு வாயாக.
ஜோகி உறக்கத்தில் "டயரா?" என்கிறான்.
ஏறும்போதும் அதே இடம்;
அப்போது வரிசை தலைகீழ்,
குளிர் வந்து கேட்கும் முன்பே ஸ்வெட்டர்.

அடுத்த மாதம் எரிச்சல் பாதியாயிருந்தது.
டாக்டர் தாளை வாங்கி
ஆறாவது கட்டத்துக்குக் கீழே
பென்சிலால் ஒரு கோடு போட்டு
ஊர்ப் பெயரை எழுதினார். 'ஞ்ச'வில் பிழை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை.
கமிஷன் கடை ரங்கராஜுலு மகன் கல்யாணத்தில்
பிரியாணிக்கு மேல் இரண்டு கப் ஐஸ்கிரீம்.
நிறுத்தாமல் ஏறினேன்.
மூன்றாவது வளைவிலேயே தொண்டை வரை புளித்தது.

மறுநாள் இரவு மறுபடி ஓரம் கட்டினேன்.
செக்போஸ்ட்காரர் டார்ச்சோடு வந்தார்.
"தினம் நிக்கிறியே, வண்டி ரிப்பேரா?"
"இல்ல சார். பருவம் மாறுது."

அவர் டார்ச்சை அணைத்துவிட்டு
வானத்தைப் பார்த்தார்.