மத்தி டப்பா

சண்டைக் காயம் என்றுதான் நினைத்தேன்.
நோவா இகுவாசுவின் கூரைகளில்
இரவெல்லாம் பூனைகள் கட்டிப் புரளும்.
ஃபரோஃபாவும் விடியலில் வருவான்,
ஒரு காதில் ரத்தம், ஒரு கண்ணில் வெற்றி.
மற்றக் காயங்கள் வாரத்தில் ஆறும்.
மூக்குத்தண்டில் இருந்தது ஆறவில்லை.

மஞ்சள் களிம்பு தடவினேன். விரிந்தது.
ஆன்டிபயாடிக் கொடுத்தேன். விரிந்தது.
கோமாளி மூக்காய் வீங்கி
தும்மும்போதெல்லாம்
சுவரில் ஒரு சிவப்புப் பொட்டு.

பக்கத்து வீட்டு வால்டெமிரோ சொன்னார்:
"சாக்கில் கட்டி, தண்டவாளத்துக்கு அப்பால் விட்டுவிடு.
எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள்."
எல்லாரும் அதைத்தான் செய்தார்கள்.
அப்பால் விட்டவை
ஒன்றையொன்று கீறிக்கொண்டு
இப்பால் வந்தன.

மருத்துவர் கிடேரியா
புண்ணின் மேல் கண்ணாடித் தகட்டை ஒற்றி எடுத்தார்,
தபால் முத்திரை குத்துவதுபோல.
நீலச் சாயம். நுண்ணோக்கி.
என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார்:
யாரோ புகைக்க மறந்த
குட்டிக் குட்டிச் சுருட்டுகள்.
"பூஞ்சை. மண்ணில் இருந்தது,
இப்போது நகத்துக்குக் குடிவந்துவிட்டது."
சொல்லிக்கொண்டே என் மணிக்கட்டைத் திருப்பினார்.

கீறல் என்று நான் மறந்தே போனது
அங்கே மொட்டுவிட்டிருந்தது.
அதிலிருந்து முழங்கைவரை
தோலுக்கடியில் நான்கு உருண்டைகள்
நூலில் கோத்ததுபோல்
மேலேறிக்கொண்டிருந்தன.

மனிதர்களுக்கான ஆஸ்பத்திரியில் கேட்டார்கள்:
"ரோஜாத் தோட்டம் வைத்திருக்கிறீர்களா?"
இல்லை. இரவில் ரொட்டி சுடுகிறேன். பகலில் பூனை.

ஆக, இருவருக்கும் ஒரே மருந்து.
நான் முழுதாய் விழுங்குவேன்.
அவனுக்கு, கையுறை போட்டு, கேப்ஸ்யூலைப் பிரித்து
வெள்ளை மணிகளை மத்தி மீனில் பிசைவேன்.
கதவு சாத்தியே இருந்தது.
ஜன்னலில் உட்கார்ந்து கூரைகளைத் திட்டுவான்.
தரையெல்லாம் குளோரின் வாடை.

மூன்றாம் மாதம் புண் மூடியது.
மஞ்சள் முகத்தில் அந்த இடத்தில் மட்டும்
ரோமம் வெள்ளையாய் முளைத்தது.
நிறுத்திவிடலாமா என்றேன்.
"மூடியது தோல்தான்.
இன்னும் முப்பது நாள்," என்றார் கிடேரியா.

இருபத்தொன்பதாம் இரவு கதவு தட்டும் சத்தம்.
வால்டெமிரோ. கையில் மூடிய கூடை.
அவர் பேசவில்லை.
கூடை தும்மியது.

நேற்று வெறும் மத்தி,
மருந்தில்லாத மத்தி ஒன்றைத் திறந்தேன்.
டப்பா கிழியும் சத்தத்துக்கே
ஃபரோஃபா அடுப்படிக்கு அடியில் போய்விட்டான்.
அரை மணிநேரம் கெஞ்சினேன்.
பிறகு தரையில் உட்கார்ந்து
விரலால் வழித்து நானே தின்றேன்.
கடைசி வாய்வரைக்கும்
கசப்புக்காகக் காத்திருந்தது நாக்கு.