பதினான்கு நாள் இலவசம்

முதல் மென்பொருளில் எங்களுக்கு
விற்பனைக் குழு என்று பெயர்.
குழு என்றால் நானும் தாலிஸும்,
மழை என்றால் முரண்டு பிடிக்கும் ஒரு வேனும்.

இரண்டாவதைக் காட்ட ரீகாவிலிருந்து ஒருவன்
திரையில் வந்தான்.
பின்னால் பொய்யான புத்தக அலமாரி.
கையை ஆட்டும்போதெல்லாம்
விரல்கள் அதற்குள் கரைந்து கரைந்து மீண்டன.
"உங்கள் வாடிக்கையாளரின் பயணம்" என்றான்.
லியெபாயாவில் எங்கள் வாடிக்கையாளர் எங்கும் போவதில்லை.
அடுப்பு புகைகிறது, கூப்பிடுகிறார்கள்.
பயணம் எங்களுடையது:
தூரிகை, கயிறு, கரிவாளி,
லிப்ட் இல்லாத ஐந்தாம் மாடி.

ஆளுக்கு மாதம் இருபத்தொன்பது யூரோ.
தாலிஸ் அதை மனதுக்குள் விறகாக மாற்றிப் பார்த்தான்.
உதடு அசைந்தது,
தலை அசையவில்லை.

மூன்றாவது, கார்டு எண் கேட்கவில்லை.
அதனால் மூன்றாவதே சிறந்தது என்று முடிவாயிற்று.

ஞாயிறு முழுக்கத் தட்டச்சு செய்தேன்.
பதினொரு நோட்டுகள்,
பக்கத்துக்குப் பக்கம் கரிக் கட்டைவிரல்.
திருமதி பிரீடே: மணி அடிக்காது, ஜன்னலைத் தட்டு.
மீனவர் சந்து பதினாறு: நாய் கடிக்கும், கணவர் பேரம் பேசுவார்,
நாய் பரவாயில்லை.
துறைமுகப் பொறியாளர்: பணம் தருவார். பிறகு.
இதற்கெல்லாம் இடமில்லை.
சூடானவர், இளஞ்சூடானவர், குளிர்ந்தவர்:
மூன்றில் ஒன்றைத் தேர்வு செய்க.
எங்களை அழைக்கிற எல்லோரும்
குளிர்ந்தவர்கள்தான் ஐயா,
அதற்குத்தானே அழைக்கிறார்கள்.

ஒரே முகவரி, ஒரே புகைபோக்கி, இரு பெயர்கள்,
இணைக்கவா? என்று கேட்டது.
நீதிமன்றமே பிரித்துவைத்த தம்பதி.
நடுவில் புதுச்சுவர்,
புகை மட்டும் இன்னும் சேர்ந்து போகிறது.
வேண்டாம் என்பதை அழுத்தினேன்,
இரண்டு முறை.

ஒன்பதாம் நாள் விடிகாலை நான்கு மணிக்கு
யாரும் சொல்லாமலே அது வேலை செய்தது.
ஓராண்டாகப் பேசாத அத்தனை பேருக்கும் ஒரு மடல்.
"அன்புள்ள ஓயார்ஸ்,
உங்களைக் காணாமல் வாடுகிறோம்.
திரும்பி வந்தால் பத்து சதவீதம் தள்ளுபடி.
இப்படிக்கு, தாலிஸ்."

ஓயார்ஸ் தாலிஸின் அண்ணன்.
ஆறு வருடங்களுக்கு முன் நல்ல வேனை எடுத்துக்கொண்டு
கால்வாய்க்கு அந்தப் பக்கம்
தனிக் கடை போட்டவர்.
போவதற்கு முன் அரை விலையில் வாங்கிய
அடுப்புக்கதவு ஒன்று
அவரை என் பட்டியலில் ஏற்றிவிட்டிருந்தது.

காப்பி ஆறிக்கொண்டிருக்க அறிக்கை படித்தேன்.
அனுப்பியது இருநூற்றுப் பன்னிரண்டு.
திறந்தவர்கள் முப்பத்தேழு.
அவர்களில் ஒருவர் நான்கு முறை:
ஆறரைக்கு, ஏழுக்கு,
ஏழு ஐந்துக்கு,
இப்போது.

"எப்படி இருக்கிறது?" என்றான் தாலிஸ், காலுறை தேடியபடி.
"நன்றாகவே வேலை செய்கிறது" என்றேன்.
பொய் இல்லை அது.

பதில் மதியம் வந்தது.
"பத்தா?
அப்பா இருந்திருந்தால்
அந்நியனுக்கே பதினைந்து கொடுத்திருப்பார்."

தாலிஸ் படித்தான்.
கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி படித்தான்.
"இவனுக்கு எப்போதும் ஐந்து கூட வேண்டும்"
என்று சொல்லிக்கொண்டே
சாவி மாட்டும் ஆணியைத் தடவினான்.
எங்கே என்று நான் கேட்கவில்லை.
வெளியே மழை வேறு.

ஓயார்ஸின் பெயருக்கு எதிரே
இழந்தவர் என்றிருந்தது
தானாகவே வாய்ப்பு என்று மாறியிருந்தது.
அடுத்த நடவடிக்கை என்றொரு கட்டம்,
சிவப்பு நட்சத்திரத்துடன்.
நிரப்பாமல் மூட விடாது.

கீழே வேன் இருமுகிறது.
நின்றது.
மறுபடி இருமுகிறது.

காத்திருக்கவும், என்று தட்டினேன்.