உப்புக் கணக்கு

மாதம் இரண்டு முறை
ஜாம்பவானோடைக்குக் கீழே, கோரையாற்றில்
மீட்டர் கம்பியை முங்கவிட்டு
எண் நிலைக்கும்வரை காத்திருப்பது என் உத்தியோகம்.
மூன்று இலக்கம் என்றால் ஆறு.
நாலில் மூவாயிரத்தைத் தாண்டினால் நெல் தாங்காது.
ஐந்து வந்தால், கடல்
ஆற்றின் சட்டையை மாட்டிக்கொண்டு நிற்கிறது.

மேட்டூர் திறந்து இருபத்தோராம் நாள்.
கல்லணையில் பூத்தூவிய படம் பேப்பரில் வந்து
அந்தப் பேப்பரில் மீன் மடித்தும் கொடுத்தாயிற்று.
தண்ணீரைக் காணோம்.

அதற்கும் வேலை இருக்கிறது வழியில்.
கல்லணையில் வெண்ணாறாக வேண்டும்,
மூணாறு தலைப்பில் கோரையாறாக வேண்டும்,
பிறகு வாய்க்கால், கன்னி வாய்க்கால், பெயரில்லாத ஒரு வெட்டு.
மேலூர் வயல் வடித்துவிட்டதைக்
கீழூர் வயல் பாசனம் என்று வாங்கிக்கொள்கிறது.
ஒரே நீரைப் பத்து ஊர் உடுத்திக் கழற்றுகிறது.

தரையும் அப்படி. மைலுக்கு ஓரடி சரிவுகூட இல்லை.
இறக்கம் எந்தப் பக்கம் என்று ஆற்றுக்கே சந்தேகம்.
அமாவாசைக்கு அமாவாசை
அந்தச் சந்தேகத்தில் கால்வைத்து உள்ளே வரும் கடல்.
சித்திரையில் என் வீட்டுக் குழாயில்
சோப்பு நுரைப்பதில்லை.

போன வருஷம் தொண்டியக்காட்டில் சோதனைக்குழி இறக்கினோம்.
பதினோரு அடிவரை வண்டல், காபிப்பொடி நிறம்;
குடகு மலை இங்கே படுத்திருக்கிறது என்றார் டிரில்லர்.
அதன் கீழ் சாம்பல் மணல்.
இருபத்தேழில் சிப்பி.
முப்பத்தொன்றில் கருஞ்சேறு, அழுகிய முட்டை வாசம்,
அதற்குள் மக்காத ஒரு கண்டல் வேர்.
விரலளவுதான். துடைத்துப் பையில் போட்டேன்.
இந்த நிலம் கடலிடம் வாங்கிய கைமாற்று.
மணலாய் வட்டி கட்டிக்கொண்டிருந்தது ஆறு.
இப்போது பாதி மணல் அணைக்குள் உறங்குகிறது,
மீதி தார்ப்பாய் போர்த்திக்கொண்டு லாரியில் போகிறது.

தண்ணீர் இரவில் வந்தது.
முதலில் வாசனை.
அப்புறம் நுரை, வைக்கோல், ஒற்றைச் செருப்பு,
தன் இஷ்டமில்லாமல் ஊர்வலம் போகும் நீர்ப்பாம்பு.
விடிவதற்குள் ரெகுலேட்டர் மேல் கூட்டம்.

"ஒரு சொட்டு கடலுக்குப் போகக்கூடாது,
நாத்து கருகிக் கெடக்கு" என்றார் வீரையன்.
பொய்யில்லை. அவர் நாற்றங்காலை நான் பார்த்தவள்.
நண்டு ஏலம் எடுக்கும் காசாம்பு
கூடையை இறக்காமலே சொன்னாள்:
"காட்டுக்குத் தாகம் எடுக்காதா?
தில்லை இலை பழுத்துக் கொட்டுது.
மடவைக் குஞ்சு எதைக் குடிச்சு வளரும்?"
அதுவும் பொய்யில்லை.
லகூனில் அன்று காலை என் கம்பி காட்டியது
ஐம்பத்தோராயிரத்து இருநூறு.

லஸ்கர் பக்கிரிசாமி இரண்டு பேருக்கும்
"உத்தரவு வரட்டும்" என்று ஒரே பதில் சொன்னார்.
பன்னிரண்டு ஷட்டர். இரண்டு துருவேறி அசையாது.
மீதிப் பத்துக்கும் கிரீஸ் போட்டு
கைகளைப் புல்லில் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் அதே இடத்தில்
நாற்பத்து மூவாயிரத்து எண்ணூறு.
மீட்டரைத் தட்டிப்பார்த்தேன். மறுபடியும் அதே.
சுரபுன்னை நிழலில் இறால் குஞ்சுகள்
கண்ணாடித் தூள் கொட்டினாற்போல் துள்ளின.
உள்ளான் கூட்டமொன்று வெயிலில் வெள்ளையாய்த் திரும்பிற்று.

ரெகுலேட்டருக்குப் போனேன்.
ஏழாம் ஷட்டருக்கு அடியில் நாலு விரல் இடைவெளி.
மேலே வயல் ஈரமாகத்தான் இருந்தது.
பக்கிரிசாமி பீடியைத் தேடிக்கொண்டிருந்தார்,
அது காதில் இருந்தது.

கடலில் வீணாகக் கலந்த நீர், இத்தனை கனஅடி
என்று ஒரு கட்டம் உண்டு எங்கள் படிவத்தில்.
அச்சடித்தவர் யாரோ, ஊர் எதுவோ.
வீணாக என்பதன் மேல் பேனா முனை நின்று
சின்னதாய் ஒரு நீலப் பொட்டு ஊறிவிட்டது.
எண்ணைப் பொய்யாய் எழுத எனக்குத் தெரியாது.
எழுதினால் அவருக்கு மெமோ.

நாற்பத்து மூவாயிரத்து எண்ணூறு:
அதை மட்டும்
பென்சிலில் எழுதினேன்.